முகத்தை யாருங்க பாக்கறாங்க?

    

இன்றைக்குச் சாயங்காலம் இந்த அரங்கத்து வாசலில் ஒரு விஷயம் நடந்தது. தோளில் ஒரு ஜோல்னாப்பை, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடையில் என் குறிப்புகளும் வெந்நீர் பிளாஸ்க்கும். இப்படித்தான் வந்தேன். வாசலில் நின்ற தம்பி என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். "மைக்செட் ஆளுங்களா? பின்பக்கமா போங்க" என்றார். நானும் போய்விட்டேன். மைக்செட்காரர்கள் நல்லவர்கள். உட்கார வைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்தார்கள். மேடையில் இருக்கிற நம் அறிஞர் பெருமக்களுக்கு இன்னும் காபி வரவில்லை என்று கேள்விப்பட்டேன். (சிரிப்பு)

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில்தான் இந்தத் தலைப்புக்கான என் பதிலும் இருக்கிறது.

தலைப்பு என்ன? ஆள்மாறாட்டம் பலிப்பது ஏமாற்றுகிறவர் திறமையாலா, ஏமாறுகிறவர் பார்வையாலா? எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "வேஷம் போடுவது ஒரு கலை, குரல் மாற்றுவது ஒரு கலை, மீசை ஒட்டுவது ஒரு கலை" என்று அடுக்கினார்கள். கலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பர்ணசாலை வாசலில் வந்து நின்ற ராவணனுக்குச் சீதை பிச்சையிட வந்தாளே, எதனால்? அவன் நடிப்புத் திறமையாலா? இல்லீங்க. சந்நியாசி உடை மேல் அவளுக்கு இருந்த மரியாதையால். உடையைப் பார்த்தாள், உள்ளே இருந்த ஆளைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதை நிறுவுவதற்கு இன்றைக்கு நான் காப்பியத்துக்குப் போகப்போவதில்லை. அரை மணி நேரம்கூட ஓடாத ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத்துக்குப் போகிறேன். லாரல் - ஹார்டி நடித்த படம். ஒருத்தர் ஒல்லி, ஒருத்தர் குண்டு. பேர் தெரியாத குழந்தைகூட அந்த இரண்டு தொப்பிகளைப் பார்த்தால் சிரிக்கும். 1930 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'அனதர் ஃபைன் மெஸ்'. "இன்னொரு நல்ல வம்பு" என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் சுற்றிகள் இரண்டு பேர். வீடு கிடையாது, வேலை கிடையாது. பூங்கா பெஞ்சில் தூங்கிய தகராறில் போலீஸ்காரர் துரத்துகிறார். ஓடி வந்து ஒரு பெரிய மாளிகையின் நிலவறைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அந்த மாளிகையின் சொந்தக்காரர் ஒரு கர்னல். வீட்டை வாடகைக்கு விடச் சொல்லிவிட்டு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் புறப்பட்டுவிட்டார். முதலாளி தலை மறைந்ததும் பட்லரும் வேலைக்காரப் பெண்ணும் வீட்டைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டார்கள். இப்போது வீடு காலி. உள்ளே இரண்டு திருட்டுப் பூனைகள். வெளியே போலீஸ். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்கிறது. வாடகைக்கு வீடு பார்க்க ஒரு பிரபுவும் அவர் மனைவியும் வந்து நிற்கிறார்கள்.

என்ன செய்வது? ஹார்டி கர்னலாக மாறுகிறார். லாரல் பட்லராக மாறுகிறார். வந்த அம்மா, வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு பேச வேண்டும் என்கிறார். உடனே அதே லாரல் பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்காரப் பெண்ணாக வந்து நிற்கிறார்! பட்லரும் அவர்தான், வேலைக்காரியும் அவர்தான். அந்த அம்மாவும் லாரலும் சோபாவில் உட்கார்ந்து, இரண்டு பெண்கள் மாதிரி ஊர்க்கதை பேசி, லாரல் கெக்கெக்கே என்று சிரிக்கிற காட்சி இருக்கிறதே, தொண்ணூறு வருஷம் தாண்டியும் வயிறு வலிக்கிறது.

நடுவர் அவர்களே, கொஞ்சம் நின்று யோசியுங்கள். பட்லராக வந்த அதே முகம் வேலைக்காரியாக வருகிறது. அதே நீள மூஞ்சி, அதே முழி. அந்த அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை? லாரல் பெரிய வேஷதாரி என்பதாலா? ஒரு பொய்முடி, ஒரு பாவாடை, அவ்வளவுதான் வேஷம். எங்க ஊர்த் திருவிழாவில் பெண் வேஷம் கட்டுகிற அண்ணன் இதைவிட நன்றாகக் கட்டுவார். பின்னே எப்படிப் பலித்தது? வேலைக்காரர்கள் முகத்தை யாருங்க பாக்கறாங்க? கதவு திறந்தால் பட்லர். காபி வந்தால் வேலைக்காரி. கை தெரியும், தட்டு தெரியும், முகம் தெரியாது. அந்த அம்மாவை ஏமாற்றியது லாரல் இல்லை. அவர்களுடைய பழக்கம்தான் அவர்களை ஏமாற்றியது.

ஹார்டியைப் பாருங்கள். வீட்டுக்காரர் வேஷம் போட்டிருக்கிறார், வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் வந்தவர்கள் அவரைக் கர்னல் என்று நம்புகிறார்கள். பெரிய வீட்டுக்குள் நல்ல உடுப்போடு நிற்கிறவன் வீட்டுக்காரனாகத்தான் இருப்பான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பாதி வேலை வந்தவர்களே செய்து கொடுத்தாயிற்று. "ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் பாட்டி சொன்னாள். இந்தப் படத்தில் ஆடை முக்காலே மூணு வீசம், ஆள் கொஞ்சம்தான்.

இந்த உத்தி புதிது இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் பிளாட்டஸ் என்று ஒரு நாடகக்காரர், ஒரே சாயலில் இருக்கிற இரட்டைப் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டார். அதை எடுத்துத்தான் ஷேக்ஸ்பியர் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' எழுதினார். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். அங்கே இரட்டைப் பிள்ளைகள், முகம் ஒன்று, ஆள் வேறு. ஏமாந்தால் மன்னிக்கலாம். இங்கே பட்லரும் வேலைக்காரியும் ஒரே ஆள். பார்க்கிற கண்ணுக்குத்தான் இரண்டு பேர்.

படம் எடுத்தவர்களுக்கும் இந்தக் குறும்பு உண்டு போலிருக்கிறது. நடிகர் பெயர், இயக்குநர் பெயர் எல்லாம் எழுத்தில் காட்டுவதற்குப் பதிலாக, ஒரே மாதிரி இருக்கிற இரட்டைச் சிறுமிகள் இரண்டு பேர் வந்து நின்று வாயால் சொல்கிறார்கள். பேசும் படம் புதிதாக வந்த காலம். பேசுகிறோம் என்று காட்ட ஒரு ஆசை!

சரி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது? இங்கேதான் சரித்திரம் சுவையாகிறது. இந்தக் கதையை ஹாலிவுட்டில் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. லாரலின் அப்பா எழுதினார்.

லாரலின் உண்மைப் பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன். 1890 ஜூன் 16-ஆம் தேதி இங்கிலாந்தில் அல்வர்ஸ்டன் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஜெஃபர்சன் நாடகக் கொட்டகை நடத்தியவர், நாடகம் எழுதியவர். தேனிலவு முடிந்து வீடு திரும்புவது பற்றி அவர் எழுதிய ஒரு சின்ன மேடை நாடகம்தான் இந்தப் படத்துக்கு விதை.

அந்த அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு சம்பவம். 1906, கிளாஸ்கோ நகரம். பையனுக்கு வயது 16. வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு சின்ன அரங்கத்தில் முதல் முதலாக மேடை ஏறுகிறான். போட்டுக்கொள்ள உடுப்பு? அப்பாவுடைய உடுப்பை அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேடையில் நின்று பார்த்தால், கூட்டத்தில் அப்பாவே இருக்கிறார்! நம்ம வீடாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி என்ன நடக்கும்? விளக்குமாறு நடக்கும். (சிரிப்பு) ஆனால் அந்த அப்பா அடிக்கவில்லை. பையனுக்கு இந்தத் தொழில்தான் என்று புரிந்துகொண்டு, பிறகு அவனுக்கு மேடை வேலை கிடைக்க அவரே உதவினார். இதை லாரலே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பையனை, சட்டையைப் பார்க்காமல் பையனாகப் பார்த்தார் பாருங்கள், அது பார்வை!

1910-ல் ஃபிரெட் கார்னோ என்பவருடைய நாடகக் குழுவோடு கப்பலேறி அமெரிக்கா போகிறார். அதே கப்பலில் அதே குழுவில் இன்னொரு இளைஞர். அவர் சார்லி சாப்ளின். சாப்ளினுக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வேஷத்தைப் போட வேண்டிய மாற்று நடிகர் நம்ம லாரல். 1913 கடைசியில் சாப்ளின் சினிமாவுக்குப் போனார், உலகப் புகழ் பெற்றார். குழு கலைந்தது. அடுத்த சில வருஷம் லாரல் எப்படிப் பிழைத்தார் தெரியுமா? மேடை மேடையாகச் சாப்ளின் மாதிரியே வேஷம் போட்டு நடித்துக் காட்டினார். கூடப் படுத்து எழுந்த நண்பனுடைய முகத்தை மாட்டிக்கொண்டு சாப்பிட வேண்டிய நிலைமை. ஸ்டான் ஜெஃபர்சன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து, அது ராசியில்லை என்று பெயரையும் மாற்றி லாரல் ஆனார். எண் கணிதம் நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்!

கூட நடித்த ஹார்டி? அவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1892-ல் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் நார்வெல். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அந்த அப்பாவின் பெயர் ஆலிவர். பிள்ளை வளர்ந்ததும் அப்பா பெயரை எடுத்துத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். படங்களில் அவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஆலிவர் நார்வெல் ஹார்டி" என்று முழுப் பெயரையும் சொல்வார். நாம் சிரிப்போம். அந்த முதல் பெயர், நினைவில் முகமே இல்லாத ஒரு அப்பாவுடையது.

இவர்கள் இரண்டு பேரும் ஹால் ரோச் என்பவருடைய ஸ்டூடியோவில் சேர்ந்தார்கள். 1927 மார்ச்சில், அப்பாவின் அந்த நாடகக் கதையை முதலில் மௌனப் படமாக எடுத்தார்கள். பெயர் 'டக் சூப்'. பிறகு அதையே 1930-ல் பேசும் படமாக எடுத்ததுதான் நான் சொன்ன 'அனதர் ஃபைன் மெஸ்'. அந்த மௌனப் படம் காணாமலே போய்விட்டது. அதில் இவர்கள் ஜோடியாக நடித்திருக்க மாட்டார்கள், தனித்தனியாக வந்து போயிருப்பார்கள் என்றுகூட ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். 1974-ல் ஒரு பிரதி கிடைத்தது. போட்டுப் பார்த்தால், இரண்டு பேரும் அசல் ஜோடியாகவே இருக்கிறார்கள்! படித்தவர்களும் ஏமாந்தார்கள். ஏமாற்றியது யார்? ஒருவரும் இல்லை. பார்க்காமலே முடிவு கட்டியதுதான் காரணம். அந்தச் செய்தியைக் கேட்க லாரல் இல்லை. அவர் 1965-லேயே போய்விட்டார்.

எதிரணியினர் ஒரு கேள்வி கேட்கலாம். "ஏமாற்றியது ஏமாற்றியதுதானே? அடுத்தவன் வீட்டில் புகுந்தது தப்புதானே?" தப்புதான். ஆனால் ஏன் புகுந்தார்கள்? அந்தக் காலத்தைப் பாருங்கள். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. 1933-க்குள் அங்கே நாலு தொழிலாளியில் ஒருத்தருக்கு வேலை இல்லை. வேலையும் வீடும் இல்லாமல் சுற்றுவதையே குற்றமாக வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1824-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1972-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரிச் சட்டம் செல்லாது என்றது. பசித்தவன் பெஞ்சில் படுத்தால் போலீஸ் பிடிக்கும். அதே ஆள் கர்னல் கோட்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்தால் பிரபு வணக்கம் சொல்வார். கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் எத்தனை பேர் வேலை போனவர்களோ! அவர்களுக்கு அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

கடைசியில் என்ன ஆகிறது? வில்லும் அம்பும் மறந்துவிட்டது என்று நிஜக் கர்னல் திரும்பி வந்துவிடுகிறார். குட்டு உடைகிறது. இரண்டு பேரும் ஒரு மிருகத்தோலுக்குள் புகுந்து, இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளில் ஏறி ஓடுகிறார்கள். ஒரு சுரங்கப் பாதைக்குள் போகும்போது ஒரு சைக்கிள். எதிரே வண்டி வந்து மோதி, வெளியே வரும்போது ஆளுக்கு ஒற்றைச் சக்கரம்! மனுஷ வேஷம் போட்டுப் பார்த்தார்கள், மிருக வேஷமும் போட்டுப் பார்த்தார்கள். எதிலும் நிம்மதி இல்லை. ஆனால் ஒற்றைச் சக்கரத்திலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போகிறார்கள்.

இன்னொன்று. திரையில் ஹார்டி புத்திசாலி மாதிரி அதட்டுவார். லாரல் தலையைச் சொறிந்துகொண்டு அழுவார். நாமும் லாரலை அசடு என்றே நம்பினோம். நிஜம் தலைகீழ். சிரிப்பு எங்கே வர வேண்டும், காட்சியை எங்கே வெட்ட வேண்டும் என்று ராப்பகலாக உட்கார்ந்து வேலை செய்தவர் லாரல். படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் விளையாடப் போய்விடுவார். இத்தனை வருஷமாக நாமும் வேஷத்தைத்தான் பார்த்திருக்கிறோம், ஆளைப் பார்க்கவில்லை!

இப்போது என் கதைக்கு வருகிறேன். வாசலில் அந்தத் தம்பி மேல் ஏன் எனக்குக் கோபம் வரவில்லை?

1998. நான் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. டாக்டர் பட்டம் வாங்கிய சூடு. ஒரு நாள் மத்தியானம் துறை வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, சாயம் போன சட்டை, காலில் செருப்பு இல்லை. புதிதாக வந்த கடைநிலை ஊழியர் என்று நினைத்துவிட்டேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு இருபது ரூபாய்த் தாளை நீட்டி, "ஏம்ப்பா, நாலு டீ வாங்கிட்டு வா" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போனார். அந்த வெயிலில் வெறுங்காலோடு போய், நாலு டீ வாங்கி வந்து மேஜையில் வைத்தார். மீதிக் காசை எண்ணி என் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் என் மாணவன் ஓடி வந்தான். "சார், இது எங்கப்பா. உங்களப் பாக்கணும்னு ஊர்லேருந்து வந்திருக்காரு" என்றான்.

எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? "இருக்கட்டுங்க. எம் புள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். இதுல என்னங்க?" என்றார். மகன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அந்த டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

நடுவர் அவர்களே! அங்கே வேஷம் போட்டவர் யார்? ஒருவரும் இல்லை. குரல் மாற்றியவர் யார்? ஒருவரும் இல்லை. அந்த மனிதர் தன் சொந்தச் சட்டையில், தன் சொந்த முகத்தோடு நின்றார். ஏமாற்றுகிறவரே இல்லாத இடத்தில் நான் ஏமாந்தேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏமாற்றுகிறவன் இல்லாமலும் ஆள்மாறாட்டம் நடக்கும். பார்க்கத் தெரியாத கண் ஒன்று இருந்தால் போதும். அந்தக் கண் அன்றைக்கு என் கண்.

இன்றைக்கு அந்த வாசல் தம்பி என்னைப் பின்பக்கம் அனுப்பியபோது, நான் பட்ட கடனில் ஒரு சின்னத் தவணை கட்டியதாகத்தான் நினைத்தேன்.

ஹார்டி 1957-ல் இறந்தார். அதற்குப் பிறகு லாரல் படத்தில் நடிக்கவே இல்லை. கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா என்கிற ஊரில் ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். அவருடைய தொலைபேசி எண் எல்லோரும் பார்க்கிற டைரக்டரியிலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டவர் பெரிய மனுஷரா, பள்ளிக்கூடப் பிள்ளையா என்று பார்க்காமல் பேசினார். வந்தவர்களை உட்கார வைத்துப் பேசினார். கோட்டை வைத்து உலகம் ஆளை எடை போடுவதை வாழ்நாள் முழுக்க நடித்துக் காட்டிய மனிதர், தான் மட்டும் யாரையும் அப்படி எடை போடவில்லை.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுக்குப் பால் கொண்டு வருகிறவர், குப்பை வாங்க வருகிற அம்மா, இவர்களுடைய முகத்தை ஒரு முறை பாருங்கள். பெயர் தெரியவில்லை என்றால் கேளுங்கள். அப்புறம் அந்தப் பழைய படத்தைப் போட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரியுங்கள். சிரிப்பு இன்னும் நன்றாக வரும்.

எனவே ஆள்மாறாட்டம் பலிப்பது ஏமாறுகிறவர் பார்வையால்தான், பார்வையால்தான் என்று அடித்துக் கூறி, நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, காபி கொடுத்த மைக்செட் தோழர்களுக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். (கைதட்டல்)